அழுதவர் இல்லாத ஒப்பாரி: ஒரு தமிழ் வானொலி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய நிகழ்ச்சிப் பணிப்பாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

2025 நவம்பர் கடைசியில் இலங்கையைத் தாக்கிய தித்வா புயல் ஓய்ந்த பிறகு, மலையகத்தில் மண்ணைத் தோண்டி உடல்களை எடுத்துக்கொண்டிருந்த அந்த டிசம்பர் நாட்களில், உங்கள் அலைவரிசை ஓர் அஞ்சலிப் பாடலைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. காலைச் செய்திக்கு முன்னால் ஒரு தடவை, இரவு நிகழ்ச்சி முடியும்போது ஒரு தடவை, இடையிலும் பல தடவை. "எமது மண்ணின் கண்ணீர், எமது நிலையத்தின் தயாரிப்பு" என்று அறிவிப்பாளர் ஒவ்வொரு முறையும் சொன்னார். எழுதியது யார், இசையமைத்தது யார், பாடியது யார் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கொழும்பில் தமிழ்ப் பாட்டுப் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். குரலைக் கேட்டால் ஆளைத் தெரியும். இந்தக் குரலை எங்களில் எவருக்கும் தெரியவில்லை. உங்கள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "அது ஏஐல செய்ததுதான் டீச்சர். பின்னேரத்துக்குள்ள முடிஞ்சுது" என்றார் பதில் சொன்ன இளைஞர். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். கேட்டதற்கு உண்மையைச் சொன்னார். அந்த உண்மையை நேயர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களைப் பார்த்து இன்னும் சிலர் இதே வழியில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களும் இதைத் தங்களுக்கு வந்த மடலாகவே வாசிக்க வேண்டும்.

புயலில் நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனது. இங்கே களனி கங்கை பெருகி, கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீடுகளுக்குள் வெள்ளம் நின்றது. என்னிடம் வயலின் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மம்மா வீடு இருந்த தோட்டத்து லயன் வீட்டு வரிசையில் இப்போது செம்மண் மட்டுமே இருக்கிறது. அந்தப் பிள்ளை உங்கள் பாடலைக் கேட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்: "டீச்சர், இதைப் பாடின அக்காவுக்கும் ஆராவது செத்தவையா?" அவளுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

பாடலைப் பலமுறை கேட்டேன், இசைக்காரியின் காதோடு. பியானோவில் தொடங்குகிறது. புல்லாங்குழல் வருகிறது. பல்லவி பெண்குரலில், சிவரஞ்சனியின் சாயலில். திரையிசையில் சோகம் என்றாலே எடுத்துப்போடும் ராகங்களில் அதுவும் ஒன்று. சரணத்தில் மேளம் சேர்கிறது. மென்பொருளுக்குக் கட்டளை எழுதியவர் "தப்பு" என்ற எங்கள் தோல்வாத்தியத்தைக் கேட்டிருப்பார் போலும். வந்திருப்பது சென்னைத் திரைப்படத்தின் குத்துப்பாட்டு அடி. மலையகத்தில் தப்புக்குச் சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு வேறோர் அடி என்று உண்டு. லயன் வீட்டில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் முதல் நாலு தட்டிலேயே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று விளங்கிவிடும். செத்த வீட்டுப் பாட்டுக்கு ஆட்டத்துக்கான அடியைப் போட்டு, அதைச் செத்தவர்களின் ஊருக்கே நீங்கள் ஒலிபரப்பியிருக்கிறீர்கள்.

இரண்டாம் சரணத்தில் குரல் நீண்ட வரியொன்றை மூச்செடுக்காமல் பாடி முடிக்கிறது. 'மழை' என்ற இடத்தில் சரியாக விழுந்த ழகரம், 'இழந்தோம்' என்ற இடத்தில் லகரமாகிறது. இவை சின்னக் குறைகள். அடுத்த வருடம் வரும் மென்பொருள் இவற்றைத் திருத்திவிடும், அதை நான் அறிவேன். ஆகவே என் முறைப்பாடு இவற்றின்மேல் நிற்கவில்லை. அந்தச் சரணத்தின் கடைசி வரியின்மேல் நிற்கிறது: "மலைத்தாய் மடியில் உறங்கிவிட்டீர்."

இந்த வரியை நான் இதற்கு முன்பும் சந்தித்திருக்கிறேன்.

2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தது. தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அப்போதும் கொழும்பில் ஓர் அஞ்சலிப் பாடல் செய்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன ஒலிப்பதிவுக் கூடம். நான் மெட்டுப் போட்டு வயலினும் வாசித்தேன். கவிஞர் நண்பர் ஒருவர் வரிகளை எழுதினார். தப்பு வாசிக்க மலையகத்து ஹற்றன் பக்கத்திலிருந்து ஒருவர் இரவு பஸ் ஏறி வந்தார். மழைக் காலம். தோல் ஈரத்தில் தொய்ந்து, தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம் வந்தது. அதைச் சூடு காட்ட வேண்டும். கூடத்துக்குள் நெருப்புக் கொண்டுவர முதலாளி விடவில்லை. சந்தில் பழைய பத்திரிகைகளைக் கொளுத்தி, ஒருவர் குடை பிடிக்க, அவர் தப்பைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். விரலால் சுண்டிப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி காட்டுவார். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா புகையைப் பார்த்துவிட்டு என்னவென்று விசாரித்தார். சொன்னதும் உள்ளே போய் இன்னொரு கட்டுப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார்.

ஒத்திகையில் கவிஞர் தன் வரிகளை வாசித்துக் காட்டினார். "மலைத்தாய் மடியில்" என்ற வரி வந்தது. எங்கள் எல்லாருக்கும் பிடித்திருந்தது. தப்பு வாசிப்பவர் கையை நிறுத்திவிட்டார். அவருடைய உறவுக்காரர்களும் அந்த மண்ணுக்குள் இருந்தார்கள். மெதுவாகத்தான் சொன்னார்: "மல என்னங்கய்யா செய்யும்? அங்க இருக்காதீங்கன்னு முன்னயே சொன்னாங்க. போறதுக்கு எடம் யாரு குடுத்தா? தூங்குனாங்கன்னு பாடாதீங்க. யாரும் தூங்கல."

கூடத்தில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. அவர் சொன்னது உண்மை. 2005 இலும் 2011 இலும் அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. கவிஞர் அந்த வரியை அடித்தார். அதோடு நிற்கவில்லை. சரணம் முழுவதையும் மாற்றி எழுதினார், இடம் கேட்டும் கிடைக்காதவர்களின் வாயிலிருந்து வரும் சொல்லாக. வரி மாறியதும் என் மெட்டு அதற்குப் பொருந்தவில்லை. அழகாக வளைந்து இறங்கிய சங்கதிகளையெல்லாம் எடுத்துவிட்டேன். மேலிருந்து இறங்கி நாலைந்து சுரத்துக்குள் சுற்றும் ஒப்பாரி நடைக்கு வந்து சேர்ந்தோம். பாட வந்த பெண் ஓரிடத்தில் குரல் உடைந்து நின்றார். மறுபடி எடுக்கலாமா என்று ஒலிப்பதிவாளர் கேட்டதற்கு, வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று தப்புக்காரர்தான் சொன்னார்.

அந்தப் பாட்டு பெரிய இசையென்று சொல்லவரவில்லை. அதைவிட நல்ல பாட்டுகளை எங்கள் ஆட்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த அறையில், "இப்படிப் பாடாதீங்க" என்று சொல்வதற்கு உரிமையுள்ள ஒருவர் இருந்தார். கேட்டுத் திருத்த நாங்கள் இருந்தோம். மனிதர் கூடிச் செய்யும் ஆக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். அது ஏதோ தெய்வீக ஊற்று என்றெல்லாம் பேச எனக்கு விருப்பமில்லை. ஒருவர் தனக்கு நேர்ந்ததைக் கொண்டுவருகிறார், இன்னொருவர் அதற்காகத் தன் அழகான வரியை விட்டுக்கொடுக்கிறார். பாட்டு அங்கேதான் உண்டாகிறது. அன்று நாங்கள் அடித்துப்போட்ட அதே வரியை, பதினொரு வருடம் கழித்து உங்கள் மென்பொருள் எடுத்து வந்து நீட்டியிருக்கிறது. இம்முறை அதை நிறுத்த உங்கள் அறையில் ஒருவரும் இருக்கவில்லை.

அது எப்படி அதே வரியைப் பிடித்தது என்பதில் மாயமில்லை. இந்த மென்பொருள்கள் கோடிக்கணக்கான நிமிட இசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, எந்தத் துண்டுக்குப் பின் எது வருவது வழக்கம் என்று கற்றுக்கொள்கின்றன. "மலை, மரணம், தமிழ், சோகம்" என்று கேட்டால், மலையையும் மரணத்தையும் பற்றித் தமிழில் அதிகம் பேர் அதிகம் தடவை என்ன எழுதினார்களோ அந்தப் பக்கமாகச் சாய்ந்து பதில் தருகின்றன. எல்லாருக்கும் முதலில் தோன்றும் வரி அதற்கும் முதலில் தோன்றும். கவிஞனுக்கும் அதுதான் முதலில் தோன்றியது. அவன் கேட்டான், வெட்கப்பட்டான், அழித்தான். மென்பொருளுக்கு அழிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. சுருதிப் பெட்டி மின்சாரத்துக்கு மாறியபோது வரவேற்றவள். என் மெட்டுகளைக் கணினியில்தான் பதிகிறேன், கீபோர்டில்தான் இடையிசை எழுதிப் பார்க்கிறேன். கணினி இசையமைப்பதும் நேற்று வந்த புதினம் அல்ல. 1950களிலேயே அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் லெனார்ட் ஐசக்சனும் இலியாக் என்ற கணினியைக் கொண்டு நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஓர் இசைப்படைப்பைச் செய்தார்கள். அவர்கள் அதை மறைக்கவில்லை. கணினியின் பெயரையே படைப்புக்கு வைத்தார்கள். எந்த விதிகளைக் கணினிக்குக் கொடுத்தோம் என்பதைப் புத்தகமாகவே எழுதிவைத்தார்கள். வாசித்தவர்கள் மனிதர்கள். உங்கள் பாடலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஏ.ஆர். ரகுமானே செய்கிறாரே என்று உங்கள் தரப்பில் ஒருவர் முகநூலில் எழுதியதைப் பார்த்தேன். 2024 இல் 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் அவர் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். முதலில் இரு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கினார். அவர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்தார். பிறகு அதைத் தானே வெளியே சொன்னார். அப்போதும் அது சரியா என்று இசை உலகில் பலர் கேட்டார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அனுமதி, ஊதியம், அறிவிப்பு என்ற மூன்றில் எதை நீங்கள் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டு அவருடைய பெயரை எடுங்கள்.

நீங்கள் பயன்படுத்தியது எந்த மென்பொருள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் துறையின் முன்னணி நிறுவனங்கள் எதைத் தின்று வளர்ந்தன என்பது நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. 2024 ஜூனில் யூனிவர்சல், சோனி, வோர்னர் ஆகிய மூன்று பெரிய இசை நிறுவனங்களும் சூனோ, யூடியோ என்ற இரண்டு ஏஐ இசை நிறுவனங்கள் மீதும் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. திறந்த இணையத்தில் கிடைக்கும் ஓரளவு தரமான இசைக்கோப்புகள் ஏறத்தாழ அனைத்தையுமே பயிற்சிக்குப் பயன்படுத்தியதாக சூனோ தன் பதில் மனுவில் ஒப்புக்கொண்டது. அது நியாயமான பயன்பாடு என்பது அவர்களுடைய வாதம். 2025 இறுதியில் யூனிவர்சல் யூடியோவுடனும், வோர்னர் இரண்டுடனும் உடன்பாட்டுக்கு வந்தன. பெரியவர்கள் பெரியவர்களோடு பேசி முடித்துக்கொண்டார்கள். அந்த மேசையில் மட்டக்களப்புக் கூத்து அண்ணாவியார் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து இசைநாடகக்காரர் இருக்கவில்லை. யூடியூபில் ஏற்றிவைத்த எங்கள் பழைய மெல்லிசைப் பாடல்களைச் செய்தவர்களின் பிள்ளைகளும் இருக்கவில்லை.

என்னை அதிகம் வருத்துவது இதற்கு அடுத்த படி. இணையத்தில் எங்களுடையது கொஞ்சம்தான். தமிழ் என்று கேட்டால் அந்தக் குவியலில் தொண்ணூறு வருடத் தமிழகத் திரையிசை இருக்கிறது. அதை நாங்களும் நேசித்து வளர்ந்தவர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வடமோடி, தென்மோடி, காத்தவராயன் கூத்து, கண்ணகி குளுத்திப் பாடல், காமன் கூத்து, பொன்னர் சங்கர் என்ற எங்கள் கூத்துகளும் சடங்குப் பாடல்களும் ஒழுங்காகப் பதியப்பட்டதே குறைவு. பதியப்பட்டவற்றிலும் பல நாடாக்கள் போரில் எரிந்தன, இடம்பெயர்வில் தொலைந்தன, பூஞ்சணம் பிடித்தன. இல்லாததை மென்பொருள் எங்கிருந்து எடுக்கும்? இருப்பதைத்தான் எடுக்கும். அதனால்தான் உங்கள் தப்பு குத்துப்பாட்டாக ஒலிக்கிறது. அதை "எமது மண்ணின்" என்ற அடைமொழியோடு தினமும் கேட்டு வளரும் பிள்ளை, நாளை உண்மையான தப்பைக் கேட்டால் அதைப் பிழை என்று நினைக்கும். நீங்கள் ஒலிபரப்பியதையே நாளைய மென்பொருள் "இலங்கைத் தமிழ் இசை" என்று கற்கவும் போகிறது.

இந்த ஊரில் ஒரு வானொலி நிலையம் இதைச் செய்வது எனக்கு இரட்டிப்பாக வலிக்கிறது. கொழும்பில் 1925 இலேயே வானொலி ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. பிறகு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழகமே காத்திருந்து கேட்டது. அந்தக் கலையகங்களில்தான் ஈழத்து மெல்லிசை என்ற ஒன்று உருவானது. ஆர். முத்துசாமி, எம். றொக்சாமி போன்றவர்கள் சிங்களத் திரைக்கும் தமிழ் மெல்லிசைக்கும் ஒரே கையால் இசை செய்தார்கள். எழுதத் தெரிந்த ஆசிரியர், பாடத் தெரிந்த எழுதுவினைஞர், தபேலா வாசிக்கத் தெரிந்த கடைச் சிப்பந்தி என்று சாதாரண மனிதர்களுக்கு அங்கே ஒரு கதவு இருந்தது. குரல் தேர்வு இருந்தது. தெரிவானால் தரம் கொடுத்தார்கள், சன்மானம் கொடுத்தார்கள், பெயரை வானலையில் சொன்னார்கள். பெயர் சொல்வது சின்ன விஷயமாக உங்களுக்குப் படலாம். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பின் சமையலறையில் நின்று தன் பெயரை வானொலியில் முதன்முதலாகக் கேட்ட ஒரு பாடகியின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அவர் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்.

உங்கள் நிலையமும் அண்மைக்காலம் வரை இந்த வழியில்தான் நடந்தது. பொங்கலுக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று, ஆடிவேலுக்கு, நத்தாருக்கு, நோன்புப் பெருநாளுக்கு என்று உள்ளூர்க் கலைஞர்களிடம் பாடல் கேட்டீர்கள். விளம்பரத்துக்கான சின்னப் பாட்டுகளும் வந்தன. தொகை பெரிதில்லை. ஆனால் ஒரு மிருதங்கக்காரருக்கு அது பிள்ளையின் ரியூஷன் காசு. இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்துவிட்டுக் கொழும்புக்கு வந்து, பகலில் கணக்கு எழுதும் ஒரு பிள்ளைக்கு, தான் இன்னும் இசைக்காரி என்பதற்கு அது ஒரு சாட்சி. கடந்த வருடம் அந்த அழைப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. எவருக்கும் கடிதம் வரவில்லை. தொலைபேசி மணி அடிக்காமல் போனது, அவ்வளவுதான்.

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விளம்பர வருமானம் பழைய நிலைக்கு வரவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். நம்புகிறேன். மின்கட்டணம் எங்களுக்கும் அதே கட்டணம்தான். ஆனால் காசில்லை என்றால் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தித்வாவுக்குப் பிறகு ஒரு பாட்டுக்காகக் கொழும்பில் எந்தக் கலைஞர் காசு கேட்டிருப்பார்? கொள்ளுப்பிட்டியிலிருந்து வத்தளை வரை நிவாரணப் பொதி கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒரு தொலைபேசி அழைப்புப் போதும், வயலினோடு நான் வந்திருப்பேன். தப்புக்காரர் வந்திருப்பார், பாதை திறந்திருந்தால்.

கேட்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை என்பதும் உங்கள் பக்கத்து வாதம் என்று கேள்விப்பட்டேன். அது உண்மையாகவே இருக்கலாம். டீசர் என்ற பிரெஞ்சு இசைத்தளம் 2025 இல் எட்டு நாடுகளில் ஒன்பதாயிரம் பேரிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுப்பித்தது. மனிதர் செய்ததையும் முழுக்க ஏஐ செய்ததையும் 97 வீதமானோரால் பிரித்தறிய முடியவில்லை. அதே கணிப்பில் 80 வீதமானோர், ஏஐ செய்த இசை என்றால் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்றார்கள். முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. பிரித்தறிய முடியாது என்பதால்தான் சொல்ல வேண்டிய கடமை கூடுகிறது. அந்தத் தளத்துக்கு 2025 நவம்பரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 ஏஐ பாடல்கள் வந்து சேர்ந்தன. புதிதாக வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அவர்கள் அவற்றை அடையாளமிட்டுக் காட்டுகிறார்கள். இலட்சக்கணக்கில் பாடல் குவியும் ஒரு தளத்தால் அது முடியுமென்றால், வாரத்துக்கு ஓரிரு பாடல் செய்யும் உங்கள் அறிவிப்பாளரால் ஒரு வசனம் சொல்ல முடியாதா?

சட்டத்தையும் ஒருமுறை உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுப் பாருங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோன் என்பவரைப் படைப்பை உருவாக்கிய இயற்கையான ஆள் என்று வரையறுக்கிறது. மனிதர். அவருடைய பெயர் அவருடைய படைப்போடு சொல்லப்பட வேண்டும் என்ற உரிமையையும் அதே சட்டம் தருகிறது. அந்தப் பாடலுக்கு ஆக்கியோன் என்று யாரைக் காட்டுவீர்கள்? நாளை இன்னொரு நிலையம் அதை எடுத்துத் தன் தயாரிப்பு என்று போட்டால், எந்த உரிமையில் தடுப்பீர்கள்?

இன்னொன்று. உங்கள் களஞ்சியத்தில் எங்கள் குரல்களும் வாத்தியங்களும் இருக்கின்றன. பலர் எந்த ஒப்பந்தமும் பார்க்காமல், சன்மான ரசீதில் ஒரு கையெழுத்தோடு பாடிவிட்டுப் போனவர்கள். சிலர் இப்போது உயிரோடு இல்லை. அந்த ஒலிநாடாக்களை ஒரு மென்பொருளுக்குப் பயிற்சிக்குக் கொடுக்கும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேட்கிறேன். இருந்தால், அவர்கள் குடும்பங்களின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஒரு நொடிக் குரலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவைதான்.

அந்த அஞ்சலிப் பாடலை இன்றோடு நிறுத்துங்கள். அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை, அதை எத்தனையோ தடவை ஒலிபரப்பிய அதே காலைச் செய்தி நேரத்தில், ஒருமுறையாவது நேயர்களுக்குச் சொல்லுங்கள். மலையகத்து நேயர்களிடம் அந்த விளக்கத்தோடு ஒரு வருத்தமும் தெரிவிக்க வேண்டும்.

இனிமேல் ஏஐ கொண்டு செய்யும் எந்தப் பாடலுக்கும், நிகழ்ச்சி முகப்பிசைக்கும், விளம்பரத்துக்கும் அதைத் தமிழில், விளங்கும்படி அறிவியுங்கள். வரி மட்டுமா, இசை மட்டுமா, குரலுமா என்று பிரித்துச் சொல்லுங்கள். மனிதர் செய்த பாடலுக்கு எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வாசித்தவர் அத்தனை பேரின் பெயரையும் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை.

துக்கத்தையும் வழிபாட்டையும் மென்பொருளிடம் கொடுக்காதீர்கள். விளம்பரப் பாட்டைப் பற்றி நாம் பேசித் தீர்க்கலாம், விட்டுக்கொடுக்கவும் இடமுண்டு. இறந்தவர்களுக்கான பாட்டில் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. ஓர் அனர்த்தம் நடந்தால், பாதிக்கப்பட்ட ஊரைச் சேர்ந்த ஒருவராவது அந்தப் பாட்டின் அறையில் இருக்க வேண்டும் என்பதை உங்கள் நிலையத்தின் எழுதப்பட்ட விதியாக்குங்கள்.

பண்டிகைப் பாடல்களுக்கான அழைப்பை மீண்டும் தொடங்குங்கள். பழைய சன்மானத்தையே கொடுங்கள், இப்போதைக்கு அது போதும். வருடத்தில் ஒன்றையாவது முதல்முறை பாடுபவருக்கு ஒதுக்குங்கள். மலையகம், கிழக்கு, வடக்கு, மன்னார் என்று வெளியூர்க் கலைஞரை அழைத்தால் பஸ் செலவையும் தங்குமிடத்தையும் நிலையம் ஏற்க வேண்டும்.

களஞ்சியத்திலுள்ள ஒலிப்பதிவுகள் பற்றி, யாருக்கும் பயிற்சிக்குக் கொடுக்கப்படவில்லை, சம்மதமின்றிக் கொடுக்கப்படவும் மாட்டா என்று நிர்வாகத்தின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தின் பிரதியைக் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள்.

சித்திரைப் புத்தாண்டு நிகழ்ச்சிகளுக்கு நீங்கள் பெப்ரவரி கடைசியில் வேலை தொடங்குவது வழக்கம். அதற்கு முன் எங்களோடு அமர்ந்து பேசுங்கள். பாடகர், கவிஞர், வாத்தியக்காரர் என்று சிலரை நான் அழைத்து வருகிறேன், ஹற்றனிலிருந்து தப்புக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு எல்லாருக்கும் வசதி. வேறு நாளென்றால், பிள்ளைகளுக்கு வகுப்பு முடிந்து மாலை ஆறரைக்குப் பிறகு எப்போதென்றாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
மெட்டமைப்பாளரும் வயலின் ஆசிரியையுமான ஒருத்தி
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13